சூத்திரம் தெரிகிறது, மெஷின் புரியவில்லை: மின் இயந்திரங்களை எங்கே பிடித்துப் படிப்பது?

கேள்வி இதுதான்: "எலக்ட்ரிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டிரான்ஸ்பார்மர், மோட்டார் கணக்குகளைச் சூத்திரத்தில் போட்டு விடை கொண்டுவந்துவிடுகிறேன். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் தடுமாறிவிடுகிறேன். ஈக்விவலன்ட் சர்க்யூட்டில் (இயந்திரத்தைத் தடைகளாகவும் ரியாக்டன்ஸ்களாகவும் வரைந்து காட்டும் சுற்றுப்படம்) இருக்கும் ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரியவில்லை. எந்த வரிசையில், எப்படிப் படிக்க வேண்டும்?"

பாடத்திட்டம் இதை டிரான்ஸ்பார்மர், டிசி மெஷின், இண்டக்‌ஷன் மோட்டார், சிங்க்ரனஸ் மெஷின் என்று நான்கு கூறாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சூத்திரம், தனி ஃபேஸர் படம், தனிச் சோதனை. படிக்கிறவரும் நான்கு பாடம் என்றே நினைத்து நான்கு முறை மனப்பாடம் செய்கிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. உள்ளே இருப்பது ஒரே விஷயம்: இரும்பு, செம்பு, இரண்டுக்கும் நடுவே காந்தப்பாயம் (ஃப்ளக்ஸ், சுருக்கமாகப் பாயம்). எந்த இயந்திரத்தை எடுத்தாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இங்கே காந்தப்பாயத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தமா, மின்னோட்டமா? இதற்கு விடை சொல்லிவிட்டால் மிச்சத்தில் பெரும்பகுதி தானாக வந்துவிடும்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கல்லூரியில் டிசி மெஷினை முதலில் நடத்தியிருந்தாலும் பரவாயில்லை, மனதளவில் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பி வாருங்கள். அதில் சுழலும் பாகம் இல்லை. அதனால் காந்தப்பாயம் என்ன செய்கிறது என்பதை மட்டும் தனியாகப் பார்க்கலாம்.

1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றை பேட்டரியில் இணைத்தார். மற்றச் சுருளின் பக்கம் இருந்த காந்த ஊசி, இணைக்கும் நொடியிலும் துண்டிக்கும் நொடியிலும் மட்டும் அசைந்தது. நடுவில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருந்தும் ஊசி சும்மா இருந்தது. பாயம் மாறும்போது மட்டுமே மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது என்பது அந்த ஊசியிலேயே தெரிந்துவிட்டது. இதிலிருந்து வருவதுதான் நீங்கள் எழுதும் சூத்திரம்: தூண்டப்படும் மின்னழுத்தம் = 4.44 × அதிர்வெண் × சுற்றுகள் × உச்சப் பாயம். 4.44 என்பது வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. சைன் அலையை வகையிடும்போது வரும் 2 பையை, உச்ச மதிப்பிலிருந்து ஆர்எம்எஸ் மதிப்புக்கு மாற்றுவதற்காக 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது.

எல்லோரும் இந்தச் சூத்திரத்தை "பாயம் இருக்கிறது, அதனால் மின்னழுத்தம் வருகிறது" என்று படிக்கிறார்கள். பிரைமரியை, அதாவது சப்ளையில் இணைக்கும் சுருளைப் பொறுத்தவரை நீங்கள் தலைகீழாகப் படிக்க வேண்டும். சப்ளையின் மின்னழுத்தம் உங்கள் கையில் இல்லை, அது வெளியிலிருந்து திணிக்கப்படுகிறது. அதிர்வெண்ணும் அப்படித்தான். சுற்றுகளின் எண்ணிக்கை செய்யும்போதே முடிவாகிவிட்டது. மிச்சம் இருப்பது பாயம் ஒன்றுதான். ஆகவே மின்னழுத்தம்தான் பாயத்தை நிர்ணயிக்கிறது. சுருளில் ஏற்படும் எதிர் மின்னியக்கு விசை (பேக் ஈஎம்எஃப்) சப்ளையை ஏறக்குறைய ஈடுகட்டியாக வேண்டும். அதற்கு எவ்வளவு பாயம் தேவையோ அவ்வளவு பாயம் வந்தே தீரும். அந்தப் பாயத்தை உண்டாக்க எவ்வளவு மின்னோட்டம் வேண்டுமோ அவ்வளவைச் சுருள் சப்ளையிடமிருந்து இழுத்துக்கொள்ளும்.

ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரை எண்களோடு பார்ப்போம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உள்ளகத்தின் குறுக்குவெட்டு 20 சதுர சென்டிமீட்டர். இரும்பில் உச்சப் பாய அடர்த்தி 1.2 டெஸ்லாவில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உச்சப் பாயம் 2.4 மில்லிவெபர். ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 4.44 × 50 × 0.0024, அதாவது 0.53 வோல்ட். 230 வோல்ட்டைத் தாங்க ஏறக்குறைய 432 சுற்று வேண்டும். லோடு பக்கச் சுருளான செகண்டரியில் 54 சுற்று சுற்றினால் 28.75 வோல்ட் வரும். டிரான்ஸ்பார்மர் வடிவமைப்பின் முதல் வரி இதுதான். ஒரு சுற்றுக்கு எத்தனை வோல்ட் என்பதிலிருந்தே மற்றதெல்லாம் கிளைக்கிறது.

இப்போது செகண்டரியில் 8 ஆம்பியர் லோடு போடுங்கள். 54 சுற்றில் 8 ஆம்பியர், ஆக 432 ஆம்பியர்-சுற்று. லென்ஸ் விதிப்படி இது பாயத்தைக் குறைக்கப் பார்க்கும். பாயம் இம்மி குறைந்தாலும் பிரைமரியின் எதிர் மின்னியக்கு விசையும் குறையும். உடனே சப்ளை கொஞ்சம் அதிக மின்னோட்டத்தை உள்ளே தள்ளும். செகண்டரியின் 432 ஆம்பியர்-சுற்றை ஈடுகட்டும் வரை அது நிற்காது. பிரைமரியில் 432 சுற்று இருப்பதால், கூடுதலாகச் சரியாக 1 ஆம்பியர் போதும். 230 வோல்ட்டில் 1 ஆம்பியர், 28.75 வோல்ட்டில் 8 ஆம்பியர், இரண்டும் 230 விஏ. பாயம் கிட்டத்தட்ட பழைய அளவிலேயே இருக்கிறது. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரும்பு இழப்பு மாறாது என்று பாடத்தில் ஒரு வரி வருமே, அதன் காரணம் இதுதான். "செகண்டரியில் லோடு போட்டது பிரைமரிக்கு எப்படித் தெரிந்தது?" என்ற வாய்மொழித் தேர்வுக் கேள்விக்கும் இதுவே விடை.

இந்த இடம் பிடிபட்டால் ஈக்விவலன்ட் சர்க்யூட்டை நீங்களே வரைந்துவிடலாம். பாயத்தை உண்டாக்க ஒரு மின்னோட்டம் தேவை, அது மின்னழுத்தத்தைப் பொறுத்தது. ஆகவே பக்கவாட்டில் ஒரு ரியாக்டன்ஸ். இரும்பு சூடாகிறது, அதுவும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. ஆகவே அதற்குப் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டன்ஸ். செம்புக் கம்பிக்குத் தடை உண்டு, அதன் இழப்பு லோடு மின்னோட்டத்தைப் பொறுத்தது. ஆகவே அது தொடரில். பாயத்தில் கொஞ்சம் மற்றச் சுருளைத் தொடாமல் காற்றின் வழியே திரும்பிவிடுகிறது, அதுவும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. ஆகவே லீக்கேஜ் ரியாக்டன்ஸும் தொடரில். மின்னழுத்தத்தோடு போவது பக்கவாட்டில், மின்னோட்டத்தோடு போவது தொடரில். இதைத் தாளில் எழுதி, காரணத்தோடு நாலைந்து முறை வரைந்து பாருங்கள். பாலிடெக்னிக் மாணவரோ பொறியியல் மாணவரோ, யாருக்கும் நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான்.

அடுத்து இரண்டு சோதனைகள். 10 கேவிஏ, 2000/200 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓப்பன் சர்க்யூட் சோதனையில் (மறு பக்கச் சுருளைத் திறந்து வைத்து) 200 வோல்ட் பக்கம்: 200 வோல்ட், 1.2 ஆம்பியர், 90 வாட். முழு மின்னழுத்தம் கொடுத்திருப்பதால் முழுப் பாயம் இருக்கிறது. மின்னோட்டமோ முழு லோடின் 50 ஆம்பியரில் 2.4 சதவீதம்தான், செம்பு இழப்பு அதன் வர்க்கத்தில் போவதால் கணக்கிலேயே வராது. ஆகவே 90 வாட்டும் இரும்பு இழப்பு. பவர் ஃபேக்டர் 90/240, அதாவது 0.375. இவ்வளவு குறைந்த பவர் ஃபேக்டரில் சாதாரண வாட்மீட்டரின் முள் கொஞ்சமே நகரும். அதனால்தான் ஆய்வகத்தில் எல்பிஎஃப் (குறைந்த பவர் ஃபேக்டருக்கான) வாட்மீட்டர் கேட்டு வாங்கச் சொல்கிறார்கள்.

ஷார்ட் சர்க்யூட் சோதனையில் (மறு பக்கச் சுருளின் முனைகளை ஒன்றாக இணைத்து) 2000 வோல்ட் பக்கம்: 90 வோல்ட், 5 ஆம்பியர், 160 வாட். இங்கே மின்னோட்டம் முழு அளவு, மின்னழுத்தம் வெறும் 4.5 சதவீதம். பாயமும் ஏறக்குறைய அந்த விகிதத்துக்கு இறங்கிவிட்டது. இரும்பு இழப்பு பாயத்தின் வர்க்கத்தை ஒட்டி இறங்குவதால் ஒரு வாட்டைக்கூடத் தொடாது. ஆகவே 160 வாட் செம்பு இழப்பு. இம்பீடன்ஸ் 18 ஓம், ரெசிஸ்டன்ஸ் 6.4 ஓம், ரியாக்டன்ஸ் 16.8 ஓம். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மரைப் பூஜ்யத்தில் வைத்து மெதுவாக ஏற்றச் சொல்வது ஏன் என்றும் பாருங்கள். 4.5 சதவீத மின்னழுத்தத்திலேயே முழு மின்னோட்டம் வந்துவிடுகிறது. முழு மின்னழுத்தமும் கொடுத்தால் 22 மடங்கு பாயும். பெயர்ப்பலகையில் சதவீத இம்பீடன்ஸ் என்று போட்டிருப்பது இந்த 4.5-தான். பிரேக்கர் தேர்வு செய்கிறவர் முதலில் தேடுவதும் அந்த எண்ணைத்தான்.

இதே எண்களை வைத்து இன்னும் இரண்டு விஷயம் பார்த்துவிடலாம். இரும்பு இழப்பும் செம்பு இழப்பும் சமமாகும் லோடில் திறன் உச்சத்தில் இருக்கும். 90/160-இன் வர்க்கமூலம் 0.75, ஆக முக்கால் லோடில். விநியோக டிரான்ஸ்பார்மர்களில் இந்த உச்சத்தை முழு லோடுக்குக் கீழே வைப்பதற்குக் காரணம், அவற்றின் இரும்பு 24 மணி நேரமும் சூடாகிறது, லோடோ சில மணி நேரம்தான் முழுதாக வருகிறது. இரண்டாவது, வோல்டேஜ் ரெகுலேஷன், அதாவது லோடு போட்டதும் செகண்டரி மின்னழுத்தம் எத்தனை சதவீதம் இறங்குகிறது என்பது. முழு லோடில், பவர் ஃபேக்டர் 0.8 லேகிங்கில் (மின்னோட்டம் பின்தங்கும்போது) 3.8 சதவீதம் வருகிறது. 0.8 லீடிங்கில் (மின்னோட்டம் முந்தும்போது) போட்டால் மைனஸ் 1.2 சதவீதம், அதாவது லோடு போட்டதும் செகண்டரி மின்னழுத்தம் ஏறுகிறது. மைனஸ் வந்ததும் கணக்கில் தப்பு என்று அடித்துவிட்டுத் திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. லீடிங் மின்னோட்டம் ரியாக்டன்ஸில் உண்டாக்கும் மின்னழுத்தம் சப்ளையோடு சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஃபேஸரை ஸ்கேல் வைத்து வரைந்து பாருங்கள், ஒரே முறையில் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம், திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்கு வருவோம். 230 வோல்ட் ஏசிக்குச் செய்த டிரான்ஸ்பார்மரை 230 வோல்ட் டிசியில் போட்டால்? பாயம் மாறாது, எதிர் மின்னியக்கு விசை கிடையாது, மின்னோட்டத்தைத் தடுக்கச் சுருளின் தடை மட்டும்தான். அது 5 ஓம் என்றால் 46 ஆம்பியர். ஒன்றிரண்டு ஆம்பியருக்கான கம்பி அது, எரிந்துவிடும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை அதே மின்னழுத்தத்தில் 50 ஹெர்ட்ஸில் போட்டால்? மின்னழுத்தம் அப்படியே இருக்க அதிர்வெண் குறைந்தால் பாயம் 20 சதவீதம் ஏற வேண்டும். இரும்பு செறிவுநிலைக்குப் போகும். காந்தமாக்கும் மின்னோட்டம் 20 சதவீதத்தோடு நிற்காமல் பல மடங்காகும். 50 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 60-இல் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. மூன்று கேள்விக்கும் ஒரே சூத்திரம். மின்னழுத்தத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் வருவதுதான் பாயத்தின் அளவுகோல் என்பதை இப்போதே மனதில் வையுங்கள், மோட்டாரில் திரும்ப வரும்.

சுவிட்ச் போட்ட நொடியில் பாயும் இன்ரஷ் மின்னோட்டமும் இதே கதை. மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் சுவிட்ச் விழுந்தால், முதல் அரைச் சுழற்சி முழுவதும் பாயம் ஒரே திசையில் கூடிக்கொண்டே போய், வழக்கமான உச்சத்தைப் போல் இரண்டு மடங்கைத் தொடும். முன்பு அணைத்தபோது இரும்பில் மிச்சம் இருந்த காந்தம் அதே திசையில் இருந்தால் அதுவும் சேரும். 1.7 டெஸ்லாவில் ஓட்டும் இரும்பு இதைத் தாங்காது. லோடே இல்லாத டிரான்ஸ்பார்மர் முழு லோடு மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுப்பது இதனால்தான். அந்த மின்னோட்டத்தில் இரண்டாம் ஹார்மானிக் அதிகம். டிரான்ஸ்பார்மருக்குள் போகும், வரும் மின்னோட்டங்களை ஒப்பிட்டுக் காக்கும் டிஃபரன்ஷியல் ரிலே அதை அடையாளம் கண்டு, இது ஃபால்ட் இல்லை என்று சும்மா இருந்துவிடும்.

இனி மோட்டார். இண்டக்‌ஷன் மோட்டாரை ஒரு டிரான்ஸ்பார்மராகப் பாருங்கள்: அசையாத பாகமான ஸ்டேட்டர் பிரைமரி, சுழலும் பாகமான ரோட்டர் ஷார்ட் செய்யப்பட்ட செகண்டரி. ஒரு பெரிய வித்தியாசம், நடுவில் காற்றிடைவெளி. அது எவ்வளவு விலை கேட்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.8 டெஸ்லா பாய அடர்த்தி, 0.5 மில்லிமீட்டர் இடைவெளி. காற்றில் அதற்குத் தேவை ஏறக்குறைய 318 ஆம்பியர்-சுற்று. அதே 0.8 டெஸ்லாவை, சார்பு உட்புகுதிறன் 4000 உள்ள இரும்பில் 20 சென்டிமீட்டர் தூரம் கொண்டுபோக 32 போதும். அரை மில்லிமீட்டர் காற்று, 20 சென்டிமீட்டர் இரும்பைப் போலப் பத்து மடங்கு கேட்கிறது. பாயம் போகவும் வரவும் இடைவெளியை இரண்டு முறை கடக்க வேண்டும் வேறு. அதனால்தான் பெரிய டிரான்ஸ்பார்மரின் நோலோடு மின்னோட்டம் ஒன்றிரண்டு சதவீதத்தில் நிற்க, மோட்டாரில் 30 முதல் 50 சதவீதம் வரை போகிறது. லோடு குறைவான மோட்டாரின் பவர் ஃபேக்டர் மோசமாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஸ்லிப் என்றால் என்ன என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்: சுழலும் புலத்தைவிட ரோட்டர் எத்தனை சதவீதம் பின்தங்குகிறது என்பது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓர் அடி போங்கள். நான்கு துருவம், 50 ஹெர்ட்ஸ், காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று. ரோட்டர் 1440. ஸ்லிப் 4 சதவீதம், ரோட்டரில் அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ். இந்த 2 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் உண்டாக்கும் புலம், ரோட்டரின் மேல் நின்று பார்த்தால் 60 சுற்று வேகத்தில் முன்னோக்கிச் சுழல்கிறது. ரோட்டரே 1440-இல் ஓடுகிறது. தரையில் நின்று பார்த்தால் 1440 + 60 = 1500. ஸ்டேட்டர் புலமும் ரோட்டர் புலமும் ஒன்றுக்கொன்று அசையாமல் ஒரே வேகத்தில் போகின்றன. இரண்டு புலங்கள் ஒன்றையொன்று பொறுத்து நிலையாக நின்றால்தான் சீரான முறுக்குவிசை வரும். எந்தச் சுழலும் இயந்திரத்துக்கும் இது பொருந்தும். சிங்க்ரனஸ் மெஷின் ரோட்டரைப் புலத்தின் வேகத்திலேயே (இதுதான் ஒத்த வேகம்) ஓட்டி இதைச் சாதிக்கிறது. டிசி மெஷினில் கம்யூட்டேட்டர் (சுருளின் மின்னோட்டத் திசையைத் திருப்பிவிடும் செம்புத் துண்டுகள்), சுழலும் சுருளான ஆர்மேச்சரின் புலத்தை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கிறது. இண்டக்‌ஷன் மோட்டாரில் ஸ்லிப் அந்த வேலையைத் தானாகச் செய்துவிடுகிறது. நான்கு பாடமும் ஒன்றாகச் சேரும் இடம் இது, இங்கே கொஞ்சம் அதிக நேரம் செலவழியுங்கள்.

அடுத்து திறன் பங்கீடு. காற்றிடைவெளியைக் கடந்து ரோட்டருக்கு 5000 வாட் வருகிறது என்று வையுங்கள். ஸ்லிப் 4 சதவீதம் என்றால் 200 வாட் ரோட்டர் செம்பில் வெப்பமாகும், 4800 வாட் இயந்திரத் திறனாகும். சரிபார்க்க முறுக்குவிசையைப் போடுங்கள். 5000 வாட்டை ஒத்த வேகமான விநாடிக்கு 157.1 ரேடியனால் வகுத்தால் 31.8 நியூட்டன்-மீட்டர். 4800-ஐ ரோட்டர் வேகமான 150.8-ஆல் வகுத்தாலும் அதே 31.8. வேகம் பாதியாகும் அளவுக்கு ஸ்லிப்பை விட்டால், ரோட்டருக்கு வரும் திறனில் பாதி வெப்பமாகப் போகும். மின்னழுத்தத்தைக் குறைத்தோ ரோட்டரில் தடை சேர்த்தோ வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஏன் வீண் என்பது இந்த ஒரு விகிதத்திலேயே இருக்கிறது.

தொடக்க மின்னோட்டம் ஐந்து முதல் ஏழு மடங்கு, ஆனால் தொடக்க முறுக்குவிசை அந்த அளவுக்கு உயர்வதில்லை. ஏன்? நிற்கும்போது ரோட்டர் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ரியாக்டன்ஸ் ஓடும்போது இருப்பதைப் போல 25 மடங்கு. மின்னோட்டம் பெரிதாக இருந்தும் மிகவும் பின்தங்கிவிடுகிறது. பாயமும் அந்த மின்னோட்டமும் நேருக்கு நேர் சந்திப்பதில்லை. ரோட்டர் சுருளின் முனைகளை வெளியே எடுத்திருக்கும் ஸ்லிப் ரிங் மோட்டாரில் வெளித்தடை சேர்த்தால் மின்னோட்டம் குறைந்து முறுக்குவிசை ஏறுவது முதலில் முரணாகப் படும். கோணம் சரியாகிறது, அதனால்தான். உச்ச முறுக்குவிசையின் அளவு மாறாது, அது வரும் வேகம்தான் மாறும்.

வேகக் கட்டுப்பாட்டில் அந்தப் பழைய வகுத்தல் திரும்ப வருகிறது. 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை டிரைவ் மூலம் 25 ஹெர்ட்ஸில் ஓட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் 200-க்கு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பாயம் இரட்டிப்பாகிவிடும். மிகக் குறைந்த அதிர்வெண்ணில் ஸ்டேட்டர் தடையின் இழப்பு பெரிதாகத் தெரிவதால், அங்கே மட்டும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பார்கள். 50-க்கு மேலே போனால் மின்னழுத்தம் ஏற வழியில்லை, பாயம் குறையும், முறுக்குவிசையும் குறையும். டிசி மோட்டாரில் ஃபீல்டைக் குறைத்து வேகம் ஏற்றுவதும் இதுவும் ஒன்றே.

டிசி மெஷினில் எதிர் மின்னியக்கு விசையையும் கம்யூட்டேட்டரையும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். லேப், வேவ் என்ற ஆர்மேச்சர் சுற்று முறைகளின் அட்டவணைகளில் வாரக்கணக்கில் உட்கார வேண்டாம். ஆய்வகத்துக்கு ஒன்று மட்டும்: ஷன்ட் மோட்டாரைத் தொடங்கும்போது ஃபீல்டு ரியோஸ்டாட் குறைந்த தடையில் இருக்க வேண்டும், ஓடும்போது ஃபீல்டு கம்பி கழலவே கூடாது. கழன்றால் எச்சக் காந்தம் மட்டுமே மிஞ்சும். அந்தச் சொற்பப் பாயத்தில் போதிய எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்க மோட்டார் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். லோடு இல்லாத மோட்டார் என்றால் ஆபத்தான வேகத்துக்குப் போய்விடும்.

சிங்க்ரனஸ் மெஷினில் மாணவர்களைத் திணறடிப்பது எக்சைட்டேஷன், அதாவது ரோட்டர் சுருளுக்குக் கொடுக்கும் டிசி. பெரிய கிரிட்டோடு இணைத்துவிட்டால் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் திணிக்கப்படுகின்றன. ஆகவே மொத்தப் பாயமும் நிர்ணயமாகிவிட்டது, டிரான்ஸ்பார்மரைப் போலவே. இப்போது ரோட்டரில் டிசியைக் கூட்டுகிறீர்கள். மொத்தப் பாயம் ஏற முடியாது. ஆகவே மிகுதியை ரத்து செய்யும் மின்னோட்டம் ஸ்டேட்டரில் ஓடியாக வேண்டும். மெஷின் கிரிட்டுக்கு ரியாக்டிவ் பவர் கொடுக்கிறது. டிசியைக் குறைத்தால் பற்றாக்குறையை ஸ்டேட்டர் ஈடுகட்ட வேண்டும். மெஷின் இண்டக்‌ஷன் மோட்டாரைப் போல கிரிட்டிடமிருந்து காந்தமாக்கும் மின்னோட்டம் இழுக்கிறது. எக்சைட்டேஷனுக்கு எதிராக ஸ்டேட்டர் மின்னோட்டத்தை வரைந்தால் வரும் வி-வளைவின் இரண்டு கரங்களும் இவைதான். மெகாவாட் வேண்டுமானால் டர்பைனில் நீராவியையோ நீரையோ கூட்ட வேண்டும். ரோட்டர் கொஞ்சம் முன்னே சாய்ந்து லோடு கோணம் பெரிதாகும். எக்சைட்டேஷனால் மெகாவாட் வராது. இதை உணர்ந்துவிட்டால் பவர் சிஸ்டம் பாடத்தில் பாதி பயம் போய்விடும்.

இவ்வளவு நேரம் மின்னழுத்தம்தான் பாயத்தைத் தீர்மானிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அது மாறும் இடத்தையும் பார்த்தால்தான் படிப்பு முழுமையாகும். 1880-களின் தொடக்கத்தில் கோலார், கிப்ஸ் இருவரும் கொண்டுவந்த டிரான்ஸ்பார்மர்களின் பிரைமரிகளைத் தொடரில் இணைத்தார்கள். தொடரில் இருந்தால் மின்னோட்டம் திணிக்கப்படுகிறது, பாயம் லோடைப் பொறுத்து ஏறி இறங்கும். ஓரிடத்தில் விளக்கை அணைத்தால் அது மற்ற இடத்து மின்னழுத்தத்தையும் பாதித்தது. 1885-இல் புடாபெஸ்டின் கான்ஸ் ஆலையில் டேரி, பிளாத்தி, சிப்பர்னோவ்ஸ்கி மூவரும் மூடிய உள்ளகம் செய்து, பிரைமரிகளைப் பக்க இணைப்பில் போட்டார்கள். ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரின் பாயமும் மின்னழுத்தத்தின் பிடிக்குள் வந்தது, லோடுகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் பிரிந்தன. இன்றைய விநியோக முறை அந்த இணைப்பின் மேல்தான் நிற்கிறது.

அந்தத் தொடர் இணைப்பு இன்றும் ஓரிடத்தில் உயிரோடு இருக்கிறது: லைனின் பெரிய மின்னோட்டத்தை அளக்க உதவும் கரண்ட் டிரான்ஸ்பார்மர். அதன் பிரைமரி மின்னோட்டத்தை நிர்ணயிப்பது லைனின் லோடு. செகண்டரி மூடியிருக்கும்வரை அதன் ஆம்பியர்-சுற்று பிரைமரியை ஈடுகட்டிவிடும், பாயம் மிகக் குறைவாக இருக்கும். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது செகண்டரியைத் திறந்தால் ஈடுகட்ட ஆளில்லை. பிரைமரி மின்னோட்டம் முழுவதும் காந்தமாக்குவதிலேயே போய், இரும்பு செறிவுநிலைக்குப் பாயும். பாயம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தாவும் நொடியில், பல சுற்றுகள் கொண்ட செகண்டரியில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தம் எழும். அம்மீட்டரைக் கழற்றும் முன் செகண்டரியை ஷார்ட் செய்யச் சொல்வது இதற்காகத்தான். மின்னழுத்தத்தை அளக்க உதவும் பொட்டன்ஷியல் டிரான்ஸ்பார்மரில் நேரெதிர், அங்கே ஷார்ட் செய்வதுதான் ஆபத்து. இரண்டையும் மனப்பாடம் செய்து மாற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. "பாயத்தைத் தீர்மானிப்பது எது?" என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தவர் மாற்றிச் சொல்ல மாட்டார்.

படிக்கும் முறை பற்றிக் கேட்டீர்கள். கணக்கைத் தொடும் முன் விடை எந்த அளவில் வரும் என்று ஓரத்தில் எழுதுங்கள்: ரெகுலேஷன் சில சதவீதம், பெரிய டிரான்ஸ்பார்மரின் திறன் 99-ஐ ஒட்டி, ஸ்லிப் ஒற்றை இலக்கம். வந்த விடை அதிலிருந்து விலகினால் அங்கேயே நின்று தேடுங்கள். ஃபேஸர் படங்களைப் பார்த்து எழுதாமல், பாயத்தைக் கிடைமட்டமாக வரைந்து அதிலிருந்து ஒவ்வொன்றாக எழுப்புங்கள். எல்லா அளவையும் அடிப்படை மதிப்பின் பங்காக எழுதும் பெர்-யூனிட் முறையைச் சீக்கிரமே பழகுங்கள், மின்னழுத்தப் பக்கம் மாற்றும் தொல்லை ஒழியும். மூன்று ஃபேஸ் டிரான்ஸ்பார்மரின் டெல்டா-ஸ்டார் இணைப்பு, வெக்டர் குரூப் (இரு பக்க மின்னழுத்தங்களின் கோண வித்தியாசத்தைச் சொல்லும் குறியீடு) இவற்றை ஒற்றை ஃபேஸ் டிரான்ஸ்பார்மர் நன்றாகப் பிடிபட்ட பிறகு எடுங்கள். டிஒய்என்11 என்பது கடிகார முள் 11-இல் நிற்பது, லோ வோல்டேஜ் பக்கம் 30 டிகிரி முன்னால் இருக்கிறது என்று அப்போது ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும்.

ஒரு கணக்கு தருகிறேன், சூத்திரம் தேடாமல் யோசித்துப் பாருங்கள். மேலே சொன்ன 432 சுற்று டிரான்ஸ்பார்மரில் பிரைமரியில் 400 சுற்று மட்டும் சுற்றிவிட்டார்கள், சப்ளை அதே 230 வோல்ட். பாய அடர்த்தி எவ்வளவு ஆகும்? இரும்பு இழப்பு ஏறுமா, இறங்குமா? செகண்டரியில் அதே 54 சுற்று என்றால் மின்னழுத்தம் என்ன? முதல் கேள்விக்கு 1.3 டெஸ்லா என்று வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். மற்ற இரண்டையும் காரணத்தோடு எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.